உடைத்த செல்போனும் தப்பித்த குற்றவாளியும்

(வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்து கொண்ட மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத வாசகர்களுக்காக இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)



மேடையில் பேசுவதற்கு நாம் கூச்சப்படும் ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். நாம் கூச்சப்படுகிறோம் என்பதுதான் இந்தக் குற்றம் செய்பவனுக்கு இருக்கும் மிகப் பெரிய தைரியம். ஆகவே கொஞ்ச நேரம் கூச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் என் மீதே ஒரு குற்றச்சாட்டைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வீடுகள். ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரே குளியலறை. அங்கே குடியிருந்த ஒரு குடும்பத்தின் 12 வயது மகள், குளியலறை வெண்டிலேட்டரில் ஒரு செல்போன் இருப்பதைப் பார்த்துவிட்டு அலறிக் கொண்டு வெளியே ஓடி வந்தாள். பக்கத்து வீட்டுக்காரனின் செல்போன் அது. முப்பது வயதைத் தாண்டியவன். தொழுகைக்கு வருபவன்.

சிறுமியின் தகப்பனார் இஷா தொழுகைக்குப் பிறகு என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பொம்பளப் புள்ள விஷயம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க? நீங்களே முடிச்சுக் குடுங்க" என்றார். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கூடினோம். அவனை அழைத்தோம். அழுதான். தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். அந்தச் செல்போனை எல்லோர் முன்னிலையிலும் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் உடைத்தோம். "படமும் அழிஞ்சது, பிரச்சினையும் முடிஞ்சது" என்றார் ஒரு பெரியவர். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னோம். துஆ ஓதிக் கூட்டத்தை முடித்து வைத்தவன் நான்.

ஒரு வருடம் கழித்து வேறோர் ஊரிலிருந்து ஒருவர் எனக்குப் போன் செய்தார். "உங்க மஹல்லாவுல குடியிருந்தவராமே, அவர் எப்படிப்பட்ட ஆளு ஹஜ்ரத்?" என்று கேட்டார். அதே வேலை. அதே போல மறைத்து வைத்த செல்போன். இந்த முறை இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று ஆண் பிள்ளை. போன் செய்தவர் அந்தப் பையனின் தகப்பனார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்னிக்கே நீங்க போலீசுக்குப் போயிருந்தா, என் புள்ளைக்கு இது நடந்திருக்குமா?"

சகோதரர்களே! அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று வரை இல்லை.

நாங்கள் உடைத்தது என்ன என்று அப்போது புரியவில்லை. பிறகு வழக்கறிஞர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்ட போதுதான் புரிந்தது. நாங்கள் உடைத்தது செல்போன் அல்ல, சாட்சி! படம் வேறெங்கும் அனுப்பப்பட்டதா, வேறு குழந்தைகளின் படங்களும் இருந்தனவா என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே வழியை எங்கள் கையாலேயே நொறுக்கிவிட்டு, அவனை அடுத்த ஊருக்கு வழியனுப்பி வைத்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒளிந்திருந்து பார்ப்பதும், மறைத்து வைத்துப் படம் பிடிப்பதும் நம் நாட்டில் தனிக் குற்றமாக இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 2013ல்தான். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு அமைக்கப்பட்டது. 2013 ஜனவரியில் அது அறிக்கை தந்தது. அந்த ஆண்டு வந்த திருத்தத்தில் 354சி என்ற பிரிவு பிறந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 77வது பிரிவாக இருக்கிறது.

இந்தப் பிரிவின்படி முதல் முறை குற்றம் நிரூபிக்கப்பட்டால் 1 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை சிறை. இரண்டாம் முறை நிரூபிக்கப்பட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. மத்திய சட்டத்தின்படி முதல் முறை என்றால் ஜாமீனில் விடத்தக்க குற்றம். இரண்டாம் முறை என்றால்தான் ஜாமீனில் விட முடியாத குற்றம்.

இப்போது என் கதையை இதில் பொருத்திப் பாருங்கள்!

அடுத்த ஊரில் அவன் பிடிபட்ட போது அவன் உண்மையில் இரண்டாம் முறை செய்தவன். ஆனால் சட்டத்தின் கணக்கில்? முதல் முறைக்காரன்! ஏனென்றால் முதல் குற்றம் எந்த ஏட்டிலும் இல்லை. அது எங்கள் சுத்தியலுக்குக் கீழே போய்விட்டது. இரண்டாவது முறைக்குக் கூடுதல் தண்டனை என்று நாடாளுமன்றம் எழுதி வைத்ததை, நான்கு பெரியவர்களும் ஒரு ஹஜ்ரத்தும் சேர்ந்து ஒரே இரவில் அழித்துவிட்டோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 77வது பிரிவு பாதிக்கப்பட்டவரை 'பெண்' என்றே சொல்கிறது. எந்த வயதுப் பெண்ணும் இதில் அடங்குவாள், சிறுமியும் அடங்குவாள். ஆனால் ஆண் பிள்ளை? அந்தப் பையனின் தகப்பனார் கையில் 77வது பிரிவை வைத்துக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. நம் பையன்கள் எத்தனை பேர் விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள்? மதரஸாக்களில், கல்லூரி விடுதிகளில், வேலைக்குப் போன ஊரின் மேன்ஷன்களில் எத்தனை பேர்? அவர்களுக்கு மானம் இல்லையா?

பையனுக்காக வேறு சட்டங்கள் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம் பிடித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பணம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகவும் அந்தப் பிரிவில் வழி இருக்கிறது.

குழந்தைகளுக்கென்றே வந்த சட்டம் போக்சோ. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். பாலியல் இச்சைக்காகக் குழந்தையைப் படங்களில் பயன்படுத்துவோருக்கு அதன் 14வது பிரிவில் தண்டனை இருக்கிறது. 2019க்கு முன் '5 ஆண்டு வரை' என்று இருந்ததை, அந்த ஆண்டு வந்த திருத்தம் 'குறைந்தது 5 ஆண்டு' என்று மாற்றியது. இரண்டாம் முறை என்றால் குறைந்தது 7 ஆண்டு. இது நல்ல மாற்றம். வரவேற்போம்.

ஆனால் ஒளிந்திருந்து பார்த்தவனிடம் படம் எதுவும் கிடைக்கவில்லை என்றால்? அப்போது பாலியல் தொந்தரவைப் பற்றிய 11, 12வது பிரிவுகளுக்கு வர வேண்டும். அங்கே குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, திரும்பத் திரும்பக் கவனிப்பது என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு முறை எட்டிப் பார்த்தவன், "ஒரு தடவைதானே" என்று வாதாட இடம் இருக்கிறது. தண்டனையும் 3 ஆண்டு வரை என்று மேல் எல்லை மட்டும்தான். இத்தனை காலமாவது கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும் என்ற கீழ் எல்லை இல்லை.

தொட்டுத் துன்புறுத்தும் குற்றங்களில், செய்தவன் ஆசிரியராகவோ விடுதிக் காப்பாளராகவோ மருத்துவமனை ஊழியராகவோ இருந்தால் போக்சோ சட்டம் தண்டனையைக் கூட்டுகிறது. நம்பி ஒப்படைத்தவர்களுக்குத் துரோகம் செய்தான் என்பதே காரணம். ஆனால் 11, 12வது பிரிவுகளில் அப்படிக் கூட்டும் ஏற்பாடு இல்லை. விடுதிக் காப்பாளன் துளை போட்டுப் பார்த்தாலும், வழிப்போக்கன் எட்டிப் பார்த்தாலும் அங்கே ஒரே தராசுதான். இது நியாயமா?

நம் கோரிக்கை என்ன?

2025 ஜனவரியில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாவைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் நம் பிள்ளைகள் தமிழகத்தில் மட்டுமா படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள்? பெங்களூரில் இருக்கிறார்கள், மும்பையில் இருக்கிறார்கள். ஆகவே மத்திய சட்டமே மாற வேண்டும். மூன்று விஷயங்களைக் கேட்போம்.

ஒன்று: குழந்தையை ஒளிந்திருந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் போக்சோ சட்டத்திலேயே ஒரு தனிக் குற்றமாக வர வேண்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் கூடாது. 'திரும்பத் திரும்ப' என்ற நிபந்தனையும் கூடாது. ஒரு முறை செய்தாலும் குற்றம் குற்றமே.

இரண்டு: அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டாக இருக்க வேண்டும். முதல் முறையே ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருக்க வேண்டும். பிடிபட்டவன் மறுநாளே வந்து அதே காம்பவுண்டில், அதே குழந்தையின் எதிர் வீட்டில் உட்கார்ந்தால், அந்தக் குழந்தை எப்படிச் சாட்சி சொல்லும்?

மூன்று: ஆசிரியர், விடுதிக் காப்பாளர், கடைக்காரர், வீட்டு உரிமையாளர், உறவினர் என்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவன் செய்தால் தண்டனை இன்னும் கூட வேண்டும்.

"ஹஜ்ரத், இதென்ன 3 வருஷம், 5 வருஷம்? நடுரோட்டில் தூக்கில் போட வேண்டாமா?" என்று இளைஞர்கள் ஆவேசப்படுகிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! தண்டனை எவ்வளவு பெரியது என்பதை விட, தண்டனை கட்டாயம் வரும் என்பதுதான் குற்றவாளியைப் பயமுறுத்தும். புகாரே போகாத ஊரில் தூக்குத் தண்டனை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

வேறு சிலர் கேட்கிறார்கள்: "15 வயதுப் பையன் அறியாமல் செய்துவிட்டால் அவன் வாழ்க்கை வீணாகிவிடாதா?" நியாயமான கேள்வி. 18 வயதுக்குட்பட்டவன் குற்றம் செய்தால் அவனை விசாரிப்பது சிறார் நீதிக் குழுமம். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றமாக இருந்தால் மட்டுமே 16 வயதைக் கடந்தவனைப் பெரியவனைப் போல விசாரிப்பது பற்றிய பேச்சே எழும். நாம் கேட்கும் தண்டனை அதற்குள் வராது. கண்டித்துத் திருத்தவும், ஆலோசனை தரவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே பெரியவனுக்குக் கடுமை கேட்பதால் சிறுவன் நசுங்க மாட்டான்.

"குறையை மறைக்கச் சொல்லவில்லையா மார்க்கம்?"

அன்று நாங்கள் செல்போனை உடைத்த போது ஒரு பெரியவர் இதைத்தான் சொன்னார். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற கருத்துடைய ஹதீஸை எடுத்துக் காட்டினார். நானும் தலையசைத்தேன். மதரஸாவில் ஓதியவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஹதீஸை வைக்க வேண்டிய இடம் அதுவல்ல!

ஒரு மனிதன் தனக்கும் இறைவனுக்கும் இடையில் செய்துவிட்ட தவறைக் கிளறாதே என்பது அதன் பொருள். அடுத்தவன் பிள்ளைக்கு அநீதி செய்தவனை மூடி மறை என்பது அதன் பொருள் அல்ல. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ அவர்களே இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பிறருக்குத் தீங்கு செய்வதில் அறியப்பட்டவனை மறைக்கக் கூடாது, அதிகாரம் உள்ளவரிடம் கொண்டு போக வேண்டும் என்பதே அவர்கள் தரும் விளக்கம். மறைத்தால் அவன் துணிவு கூடுமே தவிரக் குறையாது. எங்கள் அனுபவம் அதற்குச் சாட்சி.

பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள் என்று திருக்குர்ஆனின் 24வது அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயம், பெற்றோரின் அறைக்குள்ளும் குறிப்பிட்ட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டு வரப் பிள்ளைகளைப் பழக்கச் சொல்கிறது. நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்த போது, அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது என்பதே பார்வையைக் காப்பதற்காகத்தான் என்று விளக்கினார்கள். கதவுத் துவாரத்துக்கே இவ்வளவு கண்டிப்பு என்றால், ஆயிரம் பேருக்கு அனுப்பத்தக்க கேமராவுக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும்?

இதைக் கேட்டுவிட்டு அவனை அடித்து உதைக்கக் கிளம்பிவிடாதீர்கள். சட்டத்தைக் கையில் எடுக்க நமக்கு அனுமதி இல்லை. நீங்கள் அடித்தால் வழக்கு உங்கள் மீது திரும்பும். அவன் பாதிக்கப்பட்டவனாகி விடுவான்.

சமரசம் செல்லாது!

சகோதரர்களே, நன்றாகக் கேட்டுக் கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் பஞ்சாயத்துப் பேசி முடிக்க உங்களுக்கும் எனக்கும் அதிகாரம் இல்லை. பெற்ற தகப்பனுக்கே இல்லை! ராஜஸ்தானில் மாணவியிடம் அத்துமீறிய ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, தகப்பனாருடன் சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லி அந்த மாநில உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்து, வழக்கு நடக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சொல்லாமல் இருப்பதே குற்றம். போக்சோ சட்டத்தின் 19வது பிரிவுப்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21வது பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அன்று துஆ ஓதிக் கலைந்த நாங்கள் ஐந்து பேரும் சட்டப்படி குற்றவாளிகள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவது? பெயர் கெட்டுவிடாதா?" என்ற பயம் நியாயமானது. 2019ல் பொள்ளாச்சி வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியானது. அவருக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லும் அளவுக்குப் போனது. ஆகவே உங்கள் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் உங்களுக்கு இருக்கும் உரிமைகளைத் தெரிந்து கொள்ளுங்கள்.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். இயன்றவரை பெண் அதிகாரி வர வேண்டும், சீருடையில் வரக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றவாளியின் முகத்தைக் குழந்தை பார்க்கும் நிலை கூடாது. விசாரணை மூடிய அறையில், பெற்றோர் உடனிருக்க நடக்கும். பெயரையும் படத்தையும் பத்திரிகை வெளியிட்டால் அதற்கும் தண்டனை உண்டு. இவை அதிகாரிகள் காட்டும் தயவு அல்ல, சட்டம் தந்த உரிமை. கேட்டுப் பெறுங்கள்.

அதே பொள்ளாச்சி வழக்கு என்ன ஆனது? 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னார்கள். குற்றவாளிகளின் கருவிகளிலிருந்து எடுக்கப்பட்ட மின்னணுச் சான்றுகள் வழக்குக்குத் துணை நின்றன. அங்கே கருவிகள் உடைக்கப்படவில்லை சகோதரர்களே!

வியாபாரிகளுக்கு

ஜவுளிக் கடை, செல்போன் சர்வீஸ் கடை, லாட்ஜ், ஸ்டுடியோ, வாடகை வீடு என்று இந்தக் குற்றம் நடக்க வாய்ப்புள்ள இடங்கள் பல நம் கைகளில் இருக்கின்றன. ஆகவே உங்களிடம் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுகிறேன்.

லாட்ஜ், ஸ்டுடியோ, மருத்துவமனை நடத்துபவர்களுக்குப் போக்சோவின் 20வது பிரிவு தனிக் கடமை விதிக்கிறது. குழந்தையைச் சீரழிக்கும் படமோ பொருளோ கண்ணில் பட்டால் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் வேலை செய்யும் இடம் என்பது கணக்கே இல்லை. உங்களுக்குக் கீழே வேலை செய்பவன் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 1 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "கடை பேரு கெட்டுப் போகும்" என்று வேலைக்காரனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். அவன் அடுத்த கடையில் போய்ச் சேருவான். அங்கேயும் துணி மாற்றும் அறை இருக்கும்.

நாளைக் காலை கடை திறந்ததும் இதைச் செய்யுங்கள். துணி மாற்றும் அறையின் மேல்பகுதி, வெண்டிலேட்டர், சுவர் ஓட்டைகள், ஆணி, பிளக் எல்லாவற்றையும் நீங்களே பாருங்கள். தினமும் பார்க்கும் பொறுப்பை நம்பகமான பெண் ஊழியர் ஒருவரிடம் கொடுங்கள். சிசிடிவி கேமரா அந்தப் பக்கம் திரும்பி இருக்கிறதா, பதிவை யார் யார் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். செல்போன் சர்வீஸ் கடைக்காரர்களே! டிஸ்பிளே மாற்ற வந்த போனில் கேலரியைத் திறக்க உங்கள் பையனுக்கு என்ன வேலை? திறக்கக் கூடாது என்று எழுதியே ஒட்டுங்கள்.

இளைஞர்களுக்கு

"நான் எடுக்கவில்லை ஹஜ்ரத், வந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லும் தம்பிகளே! குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தன் போனில் இறக்கி வைத்திருந்த சென்னை இளைஞர் ஒருவர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. தனியாக வைத்திருந்ததும் பார்த்ததும் குற்றமாகாது என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. பகிரும் எண்ணத்துடன் அழிக்காமல், புகார் சொல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்பதைத் தெளிவாக்கியது. அதை 'ஆபாசப் படம்' என்று சொல்வதையே விட்டுவிட்டு, குழந்தையைச் சுரண்டிய, கொடுமைப்படுத்திய சான்று என்று புரிந்து கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. எவ்வளவு சரியான பேச்சு! ஒவ்வொரு படத்திலும் இருப்பது ஒரு குழந்தைக்கு நடந்த அநீதி. நீ பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த வெண்டிலேட்டரில் நீயும் கண்ணை வைக்கிறாய்.

குழுவில் அப்படி ஒன்று வந்தால், "பாருங்கள், எவ்வளவு அநியாயம்" என்று கண்டிப்பதற்காகக் கூட அனுப்பாதீர்கள். அனுப்பிய எண்ணையும் நேரத்தையும் குறித்துக் கொண்டு காவல்துறையிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றங்களுக்கு 1930. இந்த இரண்டு எண்களையும் இப்போதே பதிந்து கொள்ளுங்கள். மறைத்து வைத்த செல்போனைக் கண்டுபிடித்தால் அதைத் திறந்து பார்க்காதீர்கள், படத்தை வேறு போனுக்கு மாற்றாதீர்கள், உடைக்காதீர்கள். இருந்தபடியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள். முதல் தகவல் அறிக்கையில் போக்சோ சேர்க்கப்பட்டிருக்கிறதா, எந்தப் பிரிவு போடப்பட்டிருக்கிறது என்று வழக்கறிஞரை வைத்துக் கேளுங்கள். சாதாரணப் பிரிவைப் போட்டால் சாதாரணத் தண்டனைதான் கிடைக்கும்.

முடிவாக...

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நாம் சொன்ன மூன்று கோரிக்கைகளையும் மனுவாக எழுதிக் கொடுங்கள். எல்லாச் சமுதாய மக்களையும் சேர்த்துக் கொண்டு போங்கள். இது ஒரு சமுதாயத்தின் பிரச்சினை அல்ல. எந்த வீட்டுக் குழந்தையானாலும் குழந்தைதான். தென்கொரியாவில் மறைவுக் கேமராக் கொடுமைக்கு எதிராக 2018ல் பல்லாயிரக்கணக்கான பெண்கள் சியோல் வீதிகளில் திரண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. கேட்காமல் எந்தச் சட்டமும் மாறியதில்லை.

ஆனால் மனுவோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் எழுதுவது டெல்லியில். அது உயிர் பெறுவதும் சாவதும் நம் மஹல்லாவில். எங்கள் மஹல்லாவில் இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். குழந்தைகள் சம்பந்தப்பட்ட எந்தப் பாலியல் புகாரையும் ஜமாஅத்தில் பேசி முடிப்பதில்லை. புகார் வந்தால் இரண்டு பேர் அந்தக் குடும்பத்துடன் காவல் நிலையம் வரை போக வேண்டும், வழக்கு முடியும் வரை உடனிருக்க வேண்டும். அதில் ஒருவனாக என் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு முடிவை எடுங்கள்.

அந்த 12 வயதுச் சிறுமி அன்று கூச்சப்படாமல் ஓடி வந்து தன் உம்மாவிடம் சொன்னாள். அவளுக்கு இருந்த தைரியம் பெரியவர்களான எங்களுக்கு இல்லாமல் போனது. இனிமேலாவது அந்தத் தைரியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!